பிள்ளைக்குப் பேசுவீங்களா?

நான் வாய்க்காரி. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டாலும் வவுணதீவுப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். செவுள் வெளுத்த மீனை இப்போதுதான் பிடித்தது என்று விற்க வந்தவனுக்குப் பேசியிருக்கிறேன். மணி அடித்தும் நிறுத்தாமல் போய்ப் பாலத்தடியில் இறக்கிவிட்ட பஸ் கொண்டக்டருக்குப் பேசியிருக்கிறேன். என் மனிசனுக்குப் பேசியது கொஞ்ச நஞ்சமில்லை. அவர் பாவம், வயல் வட்டையிலிருந்து களைத்து வந்து காலில் உள்ள சேற்றைக் கழுவுவதற்கு முன்பே தொடங்கிவிடுவேன். பேசுவது என்றால் எங்கள் ஊரில் ஏசுவது. ஒருவரோடு கதைப்போம். ஒருவருக்குப் பேசினால் அது வேறு விஷயம். "அம்மா பேசினா" என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், அம்மா நன்றாக ஏசிவிட்டாள் என்று அர்த்தம். புத்தகத்திலும் ரீவியிலும் வருகிற பேச்சு வேறு என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் புழங்குகிற சொல்தானே முதலில் காதில் விழும்.

இந்த வாய் பேசாத ஒரே ஆள் என் மகள். அதற்காக என்னைப் பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்குப் பேசிப் பிரயோசனம் இல்லை, அவ்வளவுதான். மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பையைக் கிழித்தால் ஓடி வருவாள், ஆகவே காதில் பிழை இல்லை. வீட்டில் இருக்கிற செருப்பையெல்லாம் எடுத்து வரிசையாக வைப்பாள். வந்தவர்கள் போகும்போது தங்கள் செருப்பை அந்த வரிசையிலிருந்து எடுத்தால் அன்றைய பொழுது போச்சு, நிலத்தில் தலையை அடித்து அடித்து அழுவாள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் ஓரத்தில் குந்தி இருந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்களைப் பார்த்து இல்லை, தண்ணீரைப் பார்த்து. பக்கத்தில் இருந்து நானும் சிரிப்பேன். வேறு என்னதான் செய்கிறது.

சொந்தக்காரர் எல்லோரிடமும் ஒவ்வொரு வைத்தியம் இருந்தது. கோயில் மணியில் ஊற்றிய தண்ணீரைக் குடிக்கக் கொடு என்றார்கள், கொடுத்தேன். கண்ணூறு என்று சொல்லிப் பார்வை பார்த்து நூல் கட்டினார்கள். நூலை அவள் அன்றைக்கே பல்லால் அறுத்துப்போட்டாள். பெண் பிள்ளை, வெட்கத்தில் கதைக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். நாள் முழுக்க உடுப்பில்லாமல் முற்றத்தில் ஓடுகிறவளுக்கு எங்கே இருந்து வெட்கம் வந்தது என்று நான் கேட்டேன். அவர் அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

முன்பள்ளியில் சேர்த்தோம். முதல் கிழமை முடிவதற்குள் ரீச்சர் என்னை வாசலிலேயே மறித்தாள்.

"அக்கா, கோவிக்காதீங்க. மற்றப் பிள்ளையளிட தாய்மார் ஒரு மாதிரிக் கேக்கிறாங்க. கொஞ்சம் கதைக்கத் துவங்கினாப் பிறகு கூட்டித்து வாங்களன்."

"கதைக்கத் துவங்கினாப் பிறகு உங்களிட்ட என்னத்துக்கு விடுறது? நானே வீட்டில வச்சிக் கதைச்சித்து இரிப்பனே" என்றேன். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கெட்டித்தனமாகப் பதில் சொல்லிவிட்டதாக வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், நாளைக்குக் காலையில் இவளை எங்கே கொண்டு போவது என்று யோசனை வந்தது.

எங்கள் பகுதிக்கு வீடு வீடாக வருகிற மருத்துவமாதுதான், இதை இப்படியே விட வேண்டாம், ரவுணில், பட்டணத்துப் பெரிய கிளினிக்கில் காட்டுங்கள் என்று சொன்னாள். போனோம். பிள்ளையோடு பஸ்ஸில் போவதே பெரிய பாடு. ஹோர்ன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சீற்றுக்கு அடியில் புகுந்துவிடுவாள். கிளினிக்கில் கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். இருக்க ஒரு வாங்கில்கூட இடம் இல்லை. நம்பர் கூப்பிடுகிற ஒலிபெருக்கி அலறும் போதெல்லாம் அவளும் அலறினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன பார்க்கிறீங்க என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் டொக்டரின் அறைக்கு முன்னால் நிற்கிறோமே என்று விழுங்கிக்கொண்டேன்.

டொக்டர் இளம் பெண், சிங்களவர். எங்கள் பக்கம் மாற்றம் கிடைத்து வந்த பிறகு தமிழ் படித்தவர் என்று பின்னால் அறிந்தேன். மொழிபெயர்க்க ஆள் கூப்பிடவில்லை, தானே கேட்டார். அதுவே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார், பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், பொம்மையைக் காட்டினார். மகள் அவருடைய மேசைக்கு அடியில் போய் அவருடைய செருப்பைக் கழற்றப் பார்த்தாள்.

"அம்மா, வீட்டில பிள்ளைக்குப் பேசுவீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊரெல்லாம் என்னை வாய்க்காரி என்று சொல்லட்டும். இந்த ஒரு கேள்விக்கு நான் தலை குனியத் தேவையில்லை.

"ஐயோ இல்ல டொக்டர். ஒரு நாளும் பேசுறல்ல."

அவருடைய முகம் கொஞ்சம் மாறியது. "அப்பா?"

"அவரும் பேச மாட்டார். எங்கட வீட்டில ஆருமே இவளுக்குப் பேசுறல்ல."

"ஏன் அம்மா?"

இதென்ன கேள்வி என்று எனக்குள்ளே தோன்றியது. "பேசி என்ன டொக்டர் பிரயோசனம்? இவளுக்கு ஒண்டும் விளங்காதே. பாவமெல்லோ."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். கோபிக்கவில்லை. எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "அப்படிச் சொல்லக் கூடாது அம்மா. பிள்ளைக்கு விளங்கும். பிள்ளைக்கு நிறையப் பேச வேண்டும். காலையில் பேச வேண்டும். சாப்பாடு கொடுக்கும் நேரம் பேச வேண்டும். குளிக்கும் நேரம் பேச வேண்டும். அப்பாவும் பேச வேண்டும். போன் வேண்டாம், ரீவி வேண்டாம். பேசினால் பிள்ளை மாறும். ஆறு மாதம் பார்ப்போம்."

நான் வாயடைத்துப்போய் இருந்தேன். அது எனக்குப் புதிது.

பஸ்ஸில் வரும்போது மனிசன் மகளின் காதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டிய பிறகு மெல்லச் சொன்னார். "டொக்டர் சும்மா சொல்லுவாவா? நாம கண்டபாட்டுக்குச் செல்லம் குடுத்திட்டம் எண்டு நினைக்கிறா போல. கொஞ்சம் கண்டிச்சி வளத்தா சரி வரும் எண்டுதானே சொல்றா."

"ஓம், கண்டிச்சா சொல்லு வருமாக்கும். உங்களுக்கு நான் பேசாத பேச்சா? நீங்க திருந்தின மாதிரித்தான்" என்றேன். பஸ்ஸில் முன்னுக்கு இருந்த பொம்பிளை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் படித்தவர் சொன்னது. பிள்ளை மாறும் என்று சொன்னது. அதைத் தட்டிவிட எந்தத் தாய் தகப்பனுக்கு மனம் வரும்? அன்று பின்னேரம் மனிசன்தான் துவங்கினார். அவள் வெள்ளைச் சோற்றில் முட்டைப் பொரியலை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஏய், ஒழுங்காத் தின். சோத்தைத் தின்" என்று ஒரு அதட்டல் போட்டார். அந்தக் குரல் அவருக்குப் பொருந்தவே இல்லை, வாடகைக்கு எடுத்த கோட்டு மாதிரி இருந்தது. மகள் இரண்டு காதையும் பொத்தினாள். எழும்பி ஓடி நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நுழைந்துகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை. அவர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றார்.

"எனக்கு ஏலா. நீ பேசு. உனக்குத்தான் வாய் இரிக்கு" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் குளிக்க வார்க்கும்போது நான் முயன்றேன். அவள் வாளித் தண்ணீருக்குள் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லிப் பேசுவது? மீன்காரனுக்குச் சொல்ல ஆயிரம் கிடக்கிறது. இவள் என்ன பிழை செய்தாள்? வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. சவர்க்காரம் பூசிக் குளிக்க வார்த்துத் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது வழக்கம் போலக் கதைத்துக்கொண்டே துடைத்தேன். இது கை, இது மற்றக் கை, இது அம்மாட மூக்கு, இது மகள்ட மூக்கு. நாள் முழுக்க நான் அவளோடு அப்படித்தான். அடுப்படியில் நின்று கதைப்பேன், கோழிக்குத் தீன் போடும்போது கதைப்பேன், பதில் வராத ஆளோடு கதைத்துக் கதைத்து என் தொண்டைதான் காயும். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சொன்ன தவணைக்குத் திரும்பப் போனோம். அதே டொக்டர். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேசினீங்களா அம்மா?"

"இல்ல டொக்டர். நான் என்ன செய்ய. மனம் வரல்ல."

அவர் பேனையை மூடி வைத்தார். பிறகு கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். எனக்கு நித்திரை வருகிறதா, சாப்பிட மனம் வருகிறதா, அடிக்கடி அழுகை வருகிறதா என்று கேட்டார். பிள்ளையைப் பார்க்க வந்தவளிடம் ஏன் இதெல்லாம் கேட்கிறார் என்று நினைத்தாலும், கேட்ட விதத்தில் உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. ஓம், வருகிறது என்றேன். மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். பிள்ளைக்கு இல்லை, எனக்கு.

கோபம் கண்ணை மறைத்தது. பிள்ளை கதைக்கவில்லை என்று வந்தால் தாய்க்கு விசர் என்று அனுப்புகிறார்களே என்று வழியெல்லாம் புறுபுறுத்தேன். போகாமல் விட்டிருப்பேன். மனிசன்தான், ஒருக்காப் போயித்து வருவம், ஆஸ்பத்திரியைப் பகைக்கக் கூடாது என்று கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் எல்லாம் சேர்த்து ஒரு வருசத்துக்குக் கிட்ட ஓடிவிட்டது.

அங்கே இருந்த தாதி எங்கள் ஆள், களுவாஞ்சிக்குடிப் பக்கம். என்னை இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள். "என்ன அக்கா, பிள்ளையோட கதைக்க உங்களுக்கு ஏன் மனம் வரல்ல?"

"கதைக்கவா?" என்றேன். "ஆரு சொன்ன? நான் வாய் மூடுறதே இல்ல. எங்கட மனிசனக் கேட்டுப் பாருங்க."

"நீங்கதானே டொக்டரிட்டச் சொல்லியிரிக்கீங்க, பேசுறல்ல எண்டு. வீட்டில ஒருத்தரும் பேசுறல்லயாம்."

"ஓம், பேசுறல்லதான். பச்சப் புள்ளைக்கு ஆரும் பேசுவாங்களா?"

தாதி என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நானும் சிரித்தேன். மனிசனும் சிரித்தார். மூன்று பேரும் அந்தச் சின்ன அறைக்குள் விழுந்து விழுந்து சிரித்தோம். யன்னல் கம்பியை நக்கிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வருசம். அவளுடைய வயதில் ஒரு வருசம் என்றால் என்ன என்று அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் எழும்பிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

தாதி எங்களைக் கையோடு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவள் சிங்களத்தில் சொல்லச் சொல்ல டொக்டரின் முகம் சிவந்து கண் கலங்கியது. எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "மன்னிக்கணும் அம்மா. நான் வேறு மாதிரி நினைத்தேன்" என்றார். நான் அவருக்குப் பேசத்தான் போனேன். வாய் நிறைய வைத்திருந்தேன். ஆனால் எங்களுக்காகத் தமிழ் படித்த பெண். எத்தனை பேர் வந்து ஒரு சொல்கூடப் படிக்காமல் மாற்றம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இவருக்கு எப்படிப் பேசுவது? யாருக்குப் பேசுவது என்று தெரியாத கோபம் மாதிரி ஒரு கொடுமை இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அன்றுதான் ஓட்டிசம் என்ற சொல்லை முதல் முதலில் கேட்டேன். இது நோய் வருத்தம் இல்லை அம்மா, மருந்து குடித்து மாறாது, பிள்ளை இப்படித்தான், ஆனால் பழக்கினால் முன்னேறுவாள் என்றார். கொஞ்சம் முந்தித் துவங்கியிருந்தால் நல்லது என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு நாங்கள் அலைந்த அலைச்சலைச் சொன்னால் அலுப்புத் தட்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒருவர் இருந்தார். மாவட்டமெல்லாம் அவரிடம்தான் வருகிறது போல, ஒரு தவணை கிடைத்தால் அடுத்த தவணைக்கு மழைக்காலமே வந்துவிடும். நல்ல மனிசி. எங்களுக்கு நிறையச் சொல்லித் தந்தார். பிறகு பிரசவ விடுமுறையில் போனார், போனவருக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு நிறுவனம் இப்படியான பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போனோம். போர்ட் இருந்தது. போர்டில் சிரிக்கிற பிள்ளைகளின் படமும் இருந்தது. உள்ளே ஒருவர் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ப்ரொஜெக்ட் முடிஞ்சித்து அக்கா. போன மாசத்தோட சரி" என்றார்.

"பிள்ளையளிட வருத்தமும் முடிஞ்சித்தா தம்பி?" என்று கேட்டேன். அவர் பாவம், என்ன செய்வார். மகளுக்கு ஒரு பலூன் தந்தார். அவள் அதை வாங்கவில்லை.

கொழும்பில் எல்லாம் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கொழும்பில் எல்லாம் இருப்பது எங்களுக்கும் தெரியும். பஸ் ஹோர்னுக்கே சீற்றுக்கு அடியில் போகிற பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டு போவது, அங்கே யாருடைய வீட்டில் நிற்பது, வயலை யார் பார்ப்பது என்று கேட்டால் கதையை மாற்றிவிடுவார்கள். உதவி கேட்டுப் போன பிரதேச செயலகத்தில் ஒரு உத்தியோகத்தர் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கை கால் எல்லாம் நல்லாத்தானே இரிக்கு" என்றார். அவர் என்னை ஆறுதல்படுத்தத்தான் அப்படிச் சொன்னார்.

கடைசியில் வழி காட்டியது, பேச்சு மிஸ்ஸின் வாசலில் காத்திருந்த போது பழக்கமான காத்தான்குடி முஸ்லிம் அக்கா ஒருவர்; ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகனுக்கும் இதேதான், என் மகளைவிட வயது கூட. ராத்தா அதிகம் கதைக்க மாட்டார். கதைத்தால் காரியம் இருக்கும்.

"தங்கச்சி, ரவுண் பள்ளிக்கூடம் ஒண்டுல இந்தப் புள்ளைகளுக்கு எண்டு தனி வகுப்பு இரிக்கி. நான் எண்ட மகன அங்கதான் விடுற. வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் ஒரே ஒரு அறை. விசேட கல்வி அலகு என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு ரீச்சர், வேறு வேறு வயதில் கொஞ்சப் பிள்ளைகள். ரீச்சர் கடுமையான ஆள், சிரிப்பே கிடையாது. முதல் நாளே என்னோடு கொழுவிக்கொண்டார். பிள்ளைக்கு நீங்க ஊட்டக் கூடாது, அவளே தின்னட்டும் என்றார். அவள் பட்டினி கிடப்பாள் என்றேன். கிடக்கட்டும் என்றார். நான் வெளியே மர நிழலில் ராத்தாவோடு குந்தி இருந்து ரீச்சரைத் திட்டித் தீர்த்தேன். ராத்தா, "பொறுங்க தங்கச்சி, ஒரு மாசம் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் பார்த்தேன். முதலில் அந்த வெள்ளைச் சீருடையைப் போட விட மாட்டாள், கழுத்துப் பட்டி உரசுகிறது என்று பிய்த்து எறிவாள். பட்டியை உள்ளே மடித்துத் தைத்தேன். பிறகு மெல்ல மெல்ல, அந்த உடுப்பை எடுத்தால் பள்ளிக்கூடம் என்று அவளுக்குப் பிடிபட்டது. பஸ் ஹோர்னுக்குக் காதைப் பொத்தினாலும் சீற்றை விட்டு இறங்க மாட்டாள், ஏனென்றால் அந்த பஸ் எங்கே போகிறது என்று தெரியும். பையைக் கொண்டுபோய்த் தன்னுடைய ஆணியில் கொழுவுவாள். தன்னுடைய கதிரையில் இருப்பாள். தன் கையால் சோறு தின்றாள். ஒரு நாள் ரீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள். ரீச்சர் அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் வெளியே வந்து என்னிடம், "பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். 

அப்படி ஒரு வருசத்துக்கு மேலே போனது. என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால், அந்த மர நிழலில் ராத்தாவோடு குந்தி இருந்த காலம்தான். பிள்ளை உள்ளே இருக்கிறாள், வாவியில் விழ மாட்டாள், றோட்டுக்கு ஓட மாட்டாள், ஏதோ படிக்கிறாள். மூச்சு விட்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளித் தவணை தொடங்கிய அன்று போனால் அறை பூட்டியிருந்தது. ரீச்சருக்கு இடமாற்றம். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, அவருடைய ஊர் தூரம், எத்தனையோ வருசமாகக் கேட்ட மாற்றம் கிடைத்திருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? அதிபர் எங்களைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணியும் தந்தார். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் பயிற்சி எடுத்தவர்கள் குறைவு, மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறோம், ஆள் வந்தால் உடனே சொல்கிறோம் என்றார்.

நானும் ராத்தாவும் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். போகும்போது ராத்தா சொன்னார். "நீங்கதான் கதைக்கணும் தங்கச்சி. எனக்கு வாய் இல்ல." சரி, எனக்கு இருக்கிறதே என்று போனேன். அந்த அதிகாரி நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். தலையை ஆட்டினார். நான் குரலை உயர்த்திய போதும் அவர் உயர்த்தவில்லை.

"நீங்க சொல்றது முழுக்க நியாயம் அம்மா. உங்கட இடத்தில நான் இருந்தாலும் இப்பிடித்தான் கேட்பன்" என்றார்.

அவர் எதிர்த்துக் கதைத்திருந்தால் எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்கிறவருக்கு என்னத்தைப் பேசுவது? திரும்பத் திரும்பப் போனோம். திரும்பத் திரும்ப நியாயம் என்றார். அங்கே போய் வந்த ஒவ்வொரு முறையும் என் வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. ராத்தா தன் மகனைத் தங்கள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவனுடைய வாப்பாவுக்குப் பக்கத்தில் இருத்தத் தொடங்கினார். எங்களுக்குக் கடையும் இல்லை. இனி உடுப்புப் போட்டுக் காட்டி அவளை ஏமாற்ற வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம் என்று நானும் மனிசனும் முடிவு செய்தோம்.

அடுத்த நாள் காலை நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சீருடையை இழுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். என் மடியில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"போவம்" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது விளங்கவில்லை. மனிசன் கிணற்றடியில் நின்றவர் அப்படியே ஓடி வந்தார். "என்ன சொன்னவள்? என்ன சொன்னவள்?" என்று கேட்டுக்கொண்டு முட்டுக்காலில் விழுந்தார். "சொல்லு மகள். இன்னொருக்காச் சொல்லு."

"போவம்" என்றாள்.

தெளிவான சொல். மழலைகூட இல்லை. மனிசன் அவளைக் கட்டிப் பிடித்து அழுதார். அவளுக்குக் கட்டிப் பிடிப்பது பிடிக்காது, திமிறிக்கொண்டு வந்து மறுபடியும் உடுப்பைத் தூக்கி என் மடியில் போட்டாள். மறுபடியும் சொன்னாள். அப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் சொல்லப் பழகியிருக்கிறாள் என்று மட்டும் நினைத்திருந்தோம். என்ன கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை.

பேச்சு மிஸ் எங்களுக்குச் சொல்லியிருந்தார்: என்றைக்காவது ஒரு சொல் வந்தால், அந்தச் சொல்லுக்கு உடனே பலன் கொடுங்கள். தண்ணி என்றால் தண்ணீர் கொடுங்கள். சொன்னால் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் பிள்ளை சொல்லும், கிடைக்காவிட்டால் சொல்லி என்ன என்று விட்டுவிடும். எனவே உடுப்பைப் போட்டுவிட்டேன். பஸ் ஏறினோம். பூட்டிய அறைக்கு முன்னால் போய் நின்றோம். உள்ளே போக முடியாததால் அவள் பையைப் பூட்டிலேயே கொழுவினாள். கொழுவிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு வாசலில் இருந்தாள். பள்ளிக்கூடம் விடுகிற மணி அடிக்கும் வரை நானும் பக்கத்தில் இருந்தேன். மறுநாளும் "போவம்" என்றாள், மறுநாளும் போனோம்.

கொஞ்ச நாளில் அதிபர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் கதவைத் தட்டிக் கத்துகிறாள், பக்கத்து வகுப்புகளில் பரீட்சை நடக்கிறது, மற்றத் தாய் தகப்பன்மார் கேட்கிறார்கள் என்றார். ஆள் வந்தால் உடனே சொல்வேன் என்று திரும்பவும் சொன்னார். நான் பூட்டிலிருந்து அவளுடைய பையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். 

வீட்டில் நின்ற முதல் நாள் அவள் அந்தச் சொல்லைக் காலையிலிருந்து மத்தியானம் வரை சொன்னாள். மனிசன் தாங்க முடியாமல் வயலுக்குப் போய்விட்டார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், பஸ்ஸில் பாலம் வரை போய்த் திரும்பி வந்தேன். எங்கே போனாலும் இது இல்லை என்று கையை உதறினாள். அடுத்த நாள் குறைவாகச் சொன்னாள். அதற்கடுத்த நாள் இன்னும் மெல்ல, எனக்கு இல்லை, உடுப்புக்குச் சொல்கிறது போல.

இப்போதும் உடுப்பைக் கொண்டு வருகிறாள். வளர்ந்துவிட்டாள், சட்டைக் கை கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் போட்டு விடுகிறேன். போட்டுவிட்டு நானே கேட்கிறேன், "போவமா மகள்? சொல்லு. போவம் எண்டு சொல்லு." என் வாயையே பார்க்கிறாள். அவளுடைய வாய் திறக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திறக்கிறாள் இல்லை.